பழுது நீக்கப்பட்ட மகன்

லிஃப்ட்காரர் புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவில் வீட்டில் இருந்த எல்லாரும் நன்றாக விழுந்தார்கள், அவரைத் தவிர.

மனைவி பல் தெரியாமல் சிரித்திருந்தாள். மகள் கண்ணை மூடியிருந்தாள். கேமராவைக் கண்டால் கண்ணை மூடுவது அவளுக்குப் பிறவிக் குணம். முன்னால் நாற்காலியில் அப்பா. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் என்பதால் இரண்டு கைகளையும் ஸ்டியரிங் பிடிக்கிற தோதில் முழங்காலுக்கு மேலே தூக்கி வைத்திருந்தார். அவருக்குப் பின்னால், மனைவிக்கும் மகளுக்கும் நடுவில், லிஃப்ட்காரர் நின்ற இடத்தில் சுவர் இருந்தது. சுவரில் சுவிட்ச் பலகை பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பலகையை முதுகால் மறைத்துக்கொண்டுதான் அவர் நின்றார். ஒரு சுவிட்ச் குத்திய இடம் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. வலி இருந்தது, முதுகைத்தான் காணோம்.

இன்னொன்றும் இருந்தது. சுவரில் அவருடைய நிழல் மட்டும் விழுந்திருந்தது.

"டைமர் வச்சுட்டு ஓடி வந்தீங்கல்ல? நீங்க வந்து சேர்றதுக்குள்ள எடுத்துருச்சு," என்றாள் மனைவி.

"வந்து சேர்ந்து, மூச்சு வாங்கி, தலைய வாரி, சிரிச்சுட்டே நின்னேன்."

"அப்ப நிழல் மட்டும் எப்படிப்பா முன்னாடியே வந்துச்சு?" என்றாள் மகள். அவளுக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். கேள்வி கேட்பாள், பதிலுக்கு நிற்க மாட்டாள்.

மறுபடி எடுத்தார்கள். இடம் மாற்றி, விளக்கு மாற்றி, சட்டை மாற்றி எடுத்தார்கள். சட்டையும் சேர்ந்து காணாமல் போனதுதான் மிச்சம்.

இந்தக் கேமரா ஆசைக்கு வாங்கியது இல்லை. அப்பாவுக்கு மறதி வந்திருந்தது. சாவியை எங்கே வைத்தோம் என்கிற மறதி இல்லை. சாவி எதற்கு என்கிற மறதி. போன மாதம் மருமகளைப் பார்த்து, "டிக்கெட் வாங்கிட்டியாம்மா?" என்று கேட்டார். டாக்டர்தான் சொன்னார்: "வீட்ல எல்லாரும் ஒண்ணா நிக்கிற படமா, பெருசா எடுத்து சுவர்ல மாட்டுங்க. தினமும் காலையில காட்டி, இது யாரு, இது யாருன்னு சொல்லுங்க. யாருக்குப் பக்கத்துல யாருன்னு பழகணும். தனித்தனி முகமா காட்டினா பிடிபடாது." அதுவும் உண்மைதான். லிஃப்ட்காரர் தன்னுடைய ஆபீஸ் அட்டையில் இருந்த பாஸ்போர்ட் படத்தைக் காட்டியபோது அப்பா எழுந்து நின்று சல்யூட் அடித்தார். "புது ஆபீசரா? முகமே சரியில்லையே."

ஃபோனில் படம் எடுக்கும் பழக்கம் அந்த வீட்டுக்கு இன்னும் வராத காலம். ஆகவே கேமரா. ஆகவே, கேமரா வாங்கிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் அக்கறை மையம்.

அக்கறை மையத்தின் கண்ணாடிக் கதவு ஆள் வந்தால் தானாகத் திறக்கும் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. லிஃப்ட்காரர் போய் நின்றார். திறக்கவில்லை. பின்னால் போய் முன்னால் வந்தார். கையை ஆட்டினார். கடைசியில் ரேடியோ ஒன்றைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்த ஒருவருக்குத் திறந்தபோது அவரை ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். இதில் அவருக்குப் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. பல வருஷமாக ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர். லிஃப்டில் ஏறுகிறவர்கள் கதவுக்கு மேலே மாறுகிற எண்ணைப் பார்ப்பார்கள், காலைப் பார்ப்பார்கள், கண்ணாடியில் தங்களைப் பார்ப்பார்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

உள்ளே வரிசை வரிசையாக நாற்காலிகள். எல்லாரும் ஏதோ ஒரு சாமானை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் இருமலாவது கேட்கும்.

"நீங்க புதுசா?" என்றார் ரேடியோக்காரர்.

"கேமரா புதுசுதான்."

"அதக் கேக்கல. நீங்க புதுசான்னு கேட்டேன்."

"ஆமா. உங்களுக்கு என்ன?"

"ரேடியோ நேத்து செய்தியை இன்னிக்குச் சொல்லுது. இங்க கேட்டா, செய்தி சரியாத்தானே இருக்குன்னு திருப்பி அனுப்பிடறாங்க." ரேடியோவைத் தடவிக்கொடுத்தார். "இப்ப பழகிருச்சு. நேத்து மழைன்னா இன்னிக்குக் குடை எடுத்துட்டு வரேன்."

கவுண்டரில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள். "என்ன குறை சார்?"

"படத்துல நான் வரல."

"நீங்க வந்தீங்களா?"

"எங்கம்மா?"

"படம் எடுக்கும்போது அந்த இடத்துக்கு நீங்க வந்தீங்களா?"

"வந்தேன்."

"யாராவது பாத்தாங்களா?"

லிஃப்ட்காரர் யோசித்தார். எல்லாரும் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் கேமராவை வாங்கி அவரை ஒரு படம் எடுத்தாள். திருப்பிக் காட்டினாள். கழுத்துச் சுருக்கம் வரைக்கும் துல்லியமாக இருந்தார். "இதோ இருக்கீங்களே சார்."

"இங்க இருக்கேன்மா. வீட்லதான் இல்ல."

"அது குடும்பப் பிரச்சினை சார். நாங்க தலையிட முடியாது. அடுத்து!"

இருந்தாலும் அக்கறை மையம் என்பதால் கேமராவைத் துடைத்து, பெட்டிமேல் "சரி செய்யப்பட்டது" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து எடுத்தார்கள். இந்தத் தடவை நிழலும் இல்லை.

மனைவி அந்தப் படத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நீங்க இல்லாமலே வீடு வீடா இருக்குங்க. எனக்கு அதான் பயமா இருக்கு."

டாக்டர் சொன்ன வேலை நிற்கக் கூடாது என்று, அந்தப் படத்தையே பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கேமரா சரியாகிற வரைக்கும் இருக்கட்டும் என்று கூடத்தில் மாட்டினார்கள். காலையில் வாயாடி, தாத்தாவைச் சுவர் முன்னால் நிறுத்தி விரலால் தொட்டுக் காட்டுவாள். "இது நீங்க. இது அம்மா. இது நான். இந்தக் காலி இடம் இருக்குல்ல, இதான் அப்பா. உங்க பையன்."

பிள்ளை பழக்கின பழக்கம் பிடித்துக்கொண்டது. மருமகள் மறுபடி மருமகள் ஆனாள். பேத்தி பேத்தி ஆனாள். லிஃப்ட்காரர் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது மட்டும் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. யாரைப் பாக்கணும்?"

"அப்பா, நான்தான்பா."

"பையனைப் பாக்க வந்தீங்களா? இப்ப வந்துருவான். லிஃப்ட்ல வேலை பாக்குறான். ஏறி இறங்கி ஏறி இறங்கி வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாகும்."

லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். வேறு என்ன செய்வது? இரண்டு பேருமாக வாசலைப் பார்த்துக்கொண்டு அவர் வருவதற்காகக் காத்திருந்தார்கள். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் அப்பா நிமிர்ந்தார். இவரும் நிமிர்ந்தார். திறந்த கதவு பக்கத்து வீட்டுக் கதவாக இருந்தது. அப்பா, "இன்னிக்கு ஏனோ தெரியல," என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். இவருக்கும் ஏனோ தெரியவில்லை.

இரண்டாம் தடவை கேமரா டெக்னீஷியனிடம் போனது. டெக்னீஷியன் நல்லவர். குறை என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார், "அனுபவம்" என்பார்.

"சார், இந்த அனுபவம் எங்க மையத்துல வர மாட்டேங்குது. வந்தா சரி பண்ணிடலாம். அதனால நீங்க அனுபவத்தை நேர்ல கூட்டிட்டு வரணும்."

"எப்படிக் கூட்டிட்டு வர்றது?"

"கவலைப்படாதீங்க. அதுக்குத்தான் மாதிரி வீடு வச்சிருக்கோம்."

மாதிரி வீடு மாடியில் இருந்தது. சோபா இருந்தது. ஜன்னல் இல்லாத இடத்தில் திரை தொங்கியது. தட்டில் மெழுகுப் பழங்கள். நாற்காலியில் ஒரு முதியவர் பொம்மை. பக்கத்தில் புடவைக் கடையில் நிற்கிற மாதிரி ஒரு பெண் பொம்மை. கொஞ்சம் குட்டையாக இன்னொன்று. மூன்றின் முகத்திலும் மூக்கு மட்டும் இருந்தது.

"இவங்கதான் மாதிரிக் குடும்பம்," என்றார் டெக்னீஷியன். "போய் நில்லுங்க சார். நடுவுல. கூச்சப்படாதீங்க, உங்க குடும்பம்தான்."

லிஃப்ட்காரர் போய் நின்றார். பெண் பொம்மையின் கை விறைத்துக்கொண்டு இடுப்பில் இடித்தது. "இன்னும் கொஞ்சம் நெருங்கி... சிரிங்க... பெரியவர் தோள்மேல கை வைங்க..." வைத்தார். தோள் சில்லென்று இருந்தது.

படம் அபாரமாக வந்தது. அவர் அத்தனை தெளிவாக எந்தப் படத்திலும் விழுந்ததில்லை. முகத்தில் ஒரு களை கூட இருந்தது. பொம்மைகள் மூன்றும் அவரைப் பெற்றதற்கும் கட்டியதற்கும் பெருமைப்படுகிற மாதிரி நின்றன.

"பாத்தீங்களா?" டெக்னீஷியனுக்குக் குரல் தழுதழுத்தது. "எவ்வளவு பொருத்தம்! தப்பா நினைக்காதீங்க சார். கேமராவை மாத்துறதை விட இது சுலபம்."

"எது?"

டெக்னீஷியன் மாதிரிக் குடும்பத்தைப் பார்த்தார். லிஃப்ட்காரர் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு படியில் இறங்கி ஓடினார். தானாகத் திறக்கும் கதவு திறக்கவில்லை. ரேடியோக்காரர் வெளியே போகிற வரைக்கும் நின்று, அவரோடு ஒட்டிக்கொண்டு போனார்.

"என்ன, மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்களா?" என்றார் ரேடியோக்காரர். "நல்லவேளை இறங்கி வந்தீங்க. என் பக்கத்துல ஒருத்தர் இஸ்திரிப் பெட்டியோட உக்காந்திருப்பார். மாதிரி வீட்டுக்குப் போனவர் அங்கயே இருந்துட்டார். நல்லா இருக்காராம்."

அதற்குப் பிறகு வீட்டில் நிலைமை மோசமானது. அப்பா இவருக்குக் காபி கொடுக்கச் சொல்வதை நிறுத்திவிட்டார். "இவர் தினமும் வர்றாரேம்மா," என்று மருமகளிடம் தனியாகக் கேட்டார், "கடன்காரரா? பையன் ஏதாச்சும் வாங்கியிருக்கானா? என்கிட்ட மறைக்காத."

"மாமா, இவர்தான் உங்க பையன்."

அப்பா சங்கடமாகச் சிரித்தார். இடம் தெரியாத பயணி தப்பான ஸ்டாப் பெயரைச் சொன்னால் டிரைவர் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

லிஃப்ட்காரர் மூன்றாம் தடவை போனார். கவுண்டரில் கத்தினார். வாழ்க்கையில் முதல் தடவை கத்தியதால் சத்தம் சரியாக வரவில்லை. ஆனாலும் மண்டல மேலாளர் அவரை அறைக்குள் அழைத்தார்.

மேலாளரின் அறைச் சுவர் முழுக்க மையத்தின் ஆண்டு விழாப் படங்கள். ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு வரிசையிலும் ஆள் அகலத்துக்கு இடைவெளிகள் இருந்தன. முன் வரிசை நடுவில், மாலை போட்ட பெரிய நாற்காலி காலியாக இருந்தது. மாலை நாற்காலியில் கிடக்கவில்லை. ஒருவர் கழுத்தில் கிடக்கிற உயரத்தில், வளைந்து, அந்தரத்தில் நின்றது.

"அது நான்தான்," என்றார் மேலாளர்.

"சார், அப்ப உங்களுக்கும்..."

"எனக்கு ஒண்ணும் இல்ல. நாற்காலி நல்லா விழுந்திருக்கு பாருங்க. மாலை நல்லா விழுந்திருக்கு. ஒரு மேலாளருக்கு வேற என்ன வேணும்?" அவர் நாற்காலியில் சாய்ந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர் என்பது சாய்ந்த விதத்திலேயே தெரிந்தது. "நீங்க ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். எங்க நிறுவனத்தோட கேமராவுல குறை வராது. குறை வந்தா அது எங்க கேமரா இல்ல. அதனால, குறையோட நீங்க கொண்டு வந்தது எங்க கேமராவே இல்ல. எங்களுது இல்லாத ஒண்ணை நாங்க ஏன் பாக்கணும்? ஆனா பாக்குறோம்! ஏன்? அக்கறை! உலகத்துல எவனாவது தன்னுது இல்லாத சாமானை ரெண்டு தடவை பாத்து, ஸ்டிக்கரும் ஒட்டிக் குடுப்பானா? நாங்க குடுத்தோம். அதுக்கு நீங்க நன்றி சொல்லல. கத்துறீங்க. நீங்க கத்தினது எங்களுக்குக் கேட்டுச்சு, அதனால எங்க காதுலயும் குறை இல்லன்னு தெரியுது."

"சார், எங்க அப்பாவுக்கு என்னைத் தெரியாம போயிட்டு இருக்கு சார். அவருக்கு மொத்தமா மறந்து போறதுக்குள்ள ஒரு படம், ஒரே ஒரு படம் வேணும்."

மேலாளர் திரும்பினார். சுவரில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். "என் பொண்ணும் அப்படித்தான் சொல்லும்," என்றார். உடனே தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. ஆழ்நிலைப் பரிசோதனைக்கு எடுத்துக்கிறோம். கேமரா, உள்ள இருக்கிற கார்டு, இதுவரைக்கும் போட்ட பிரிண்ட்டுங்க எல்லாத்தையும் ஒப்படைக்கணும். ஆதாரம்."

லிஃப்ட்காரர் வீட்டுக்கு ஓடி, கூடத்தில் மாட்டியிருந்த படத்தைச் சட்டத்தோடு கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அப்பா அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "பையன் எங்க போனான்னு பாக்குறேன்," என்றார். "நேத்து இங்கதான் இருந்தான்."

கேமரா ஒரு வழியாகத் திரும்பி வந்தது. பெட்டிமேல் தங்க நிறத்தில் ஸ்டிக்கர்: "பழுது முற்றிலும் நீக்கப்பட்டது". கூடவே, சேவை உங்களுக்குப் பிடித்ததா என்று கேட்கிற அட்டை ஒன்று. அதில் சிரிக்கிற முகங்கள் மட்டுமே அச்சடித்திருந்தன.

டைமர் வைத்து எடுத்தார்கள். மகள் ஓடிப்போய்ப் பார்த்துக் கத்தினாள். "அப்பா! வந்துட்டீங்கப்பா! காது கூட ரெண்டும் இருக்கு!" மனைவி கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சட்டைதான் பொருத்தமில்ல," என்றாள். அன்றைக்கே பெரிதாகப் பிரிண்ட் போட்டு அதே ஆணியில் மாட்டினார்கள்.

காலையில் அப்பா வந்து நின்றார். மருமகளைத் தொட்டார். பேத்தியைத் தொட்டார். தன்னையும் தொட்டுக்கொண்டார். விரல் அடுத்ததாக நடுவில் வந்து நின்றது.

"யாரும்மா இது?"

"உங்க பையன், தாத்தா!"

"இல்ல. இல்ல. இங்கதான் என் பையன் நின்னான்." அப்பாவின் குரல் உயர்ந்தது. அவர் பஸ் ஓட்டின காலத்தில்கூட யாரும் கேட்டிராத குரல். "இந்த ஆளு அவன் இடத்துல வந்து நிக்கிறான். என் பையனைத் தள்ளிட்டு நிக்கிறான்! எங்க தள்ளினீங்க? கீழே விழுந்துட்டானா?" குனிந்து படத்துக்குக் கீழே, தரையில் தேடினார். சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

லிஃப்ட்காரர் படத்தைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வேலை இடத்தில் சொல்லிக்கொள்ளாமல் அக்கறை மையத்துக்குப் போனார். தானாகத் திறக்கும் கதவு அவரைக் கண்டதும் சட்டென்று திறந்தது. அவர் ஓரடி பின்வாங்கிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

"சார், அந்தப் பழுது எனக்குத் திரும்ப வேணும்," என்றார் மேலாளரிடம்.

"புரியல."

"என்னை விட்டுட்டு எடுக்கிற மாதிரி பழையபடி ஆக்கிக் குடுங்க. இல்லன்னா அந்தப் பழைய பிரிண்ட்டையாவது குடுங்க. எங்க அப்பா அதுலதான் என்னைத் தெரிஞ்சு வச்சிருக்கார்."

மேலாளர் பரிவோடு தலையாட்டினார். "முடியாதே. நீக்கின பழுது நிறுவனத்தோட சொத்து. நாங்க எதையும் வீணாக்குறதில்ல. அதை இன்னொரு கேமராவுல போட்டாச்சு. நேத்தே வித்துப் போச்சு."

"பிரிண்ட்டு?"

"அழிச்சாச்சு. குறையே இல்லாதப்ப குறைக்கு ஆதாரம் இருந்தா அது பொய் ஆதாரம். பொய் ஆதாரத்தை வச்சிருக்கிறது குத்தம். நாங்க சட்டத்துக்குக் கட்டுப்பட்டவங்க." எழுந்து வந்து லிஃப்ட்காரரின் தோளில் கை போட்டு வாசல்வரை கூட்டிவந்தார். "சந்தோஷமா போங்க. இப்ப நீங்க எல்லார் கண்ணுக்கும் தெரியுறீங்க. இந்த மையத்துல இருந்து இப்படி ஒருத்தர் வெளிய போய் ரொம்ப நாளாச்சு."

வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றார். வழக்கமாக நிறுத்தாமல் போகிற டிரைவர் நிறுத்தினார். கண்டக்டர் முகம் பார்த்துச் சில்லறை கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்தவர், "உங்களை எங்கயோ பாத்திருக்கேன் சார்," என்றார். ஊரே அடையாளம் கண்டுகொண்டது. லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி, யாருக்கும் தெரியாமல் அழ முயன்றார். இப்போது அதுவும் முடியவில்லை, எல்லாரும் பார்த்தார்கள்.

வீட்டில் அப்பா இன்னும் தரையில்தான் இருந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்பாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். மனைவியை ஒரு பக்கமும் மகளை மறுபக்கமும் நிறுத்தினார். நடுவில் ஒரு ஆள் அகலம் விட்டார்.

"என்னப்பா பண்றீங்க?" என்றாள் மகள்.

"போட்டோ எடுக்கிறேன்."

"நீங்க வரலையா?"

அவர் டைமரை அணைத்தார். கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்றார். மனைவிக்குப் புரிந்துவிட்டது; அவள் நேராக நின்றாள்.

அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். "தம்பி, கொஞ்சம் பொறுங்க. என் பையன் வரட்டும்."

"சரிங்க."

பொறுத்தார்கள். அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பிப் பின்னால் இருந்த காலி இடத்தை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் இளகியது. "வந்துட்டான்," என்றார். "எடுங்க."

எடுத்தார். பெரிதாகப் பிரிண்ட் போட்டு வந்து மாட்டுகிறபோதுதான் கவனித்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மனைவியின் கை, நடுவில் ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு தோளின் உயரத்தில் பதிந்திருந்தது. மகள் அந்தரத்தில் சாய்ந்திருந்தாள், விழவில்லை. கண்கள் திறந்திருந்தன.

அப்பா அந்த இடத்தை விரலால் இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார். பிறகு, ஆணி அடித்துவிட்டுச் சுத்தியலோடு நின்ற ஆளின் பக்கம் திரும்பி, வெகுநாள் கழித்து அவர் கையைப் பிடித்தார்.

"நல்லா எடுத்திருக்கீங்க தம்பி. ரொம்ப நன்றி. அடுத்த தடவை நீங்களும் எங்களோட நில்லுங்க. என் பையனை எடுக்கச் சொல்றேன்."